பதினான்காவது படிவம்

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அம்மா சுவரைப் பார்த்தபடி பாயில் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது. அடுப்படி விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பதினான்கு படிவங்கள். காலை ஆறு மணிக்குள் பதினான்கையும் நிரப்பிவிட வேண்டும். எல்லாக் கேள்விக்கும் ஐந்து, நடுநடுவே ஒரு நான்கு. ஒவ்வொரு படிவமும் வேறு வேறு கையெழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அம்மா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தப்பு என்னுடையது. அதை யாரிடமாவது முழுசாகச் சொல்லிவிட்டால் மூச்சு விட முடியும் போலிருக்கிறது.

சாலியமங்கலம் தாண்டி நாகப்பட்டினம் சாலையில் இருக்கிறது செந்நெல் உணவகம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிற வேன்கள் நிற்கிற இடம். அம்மா அங்கே ஒன்பது வருடமாக இருக்கிறாள். காய் நறுக்குவது, மாவாட்டுவது, சோறு வடிப்பது எல்லாம் அவள்தான். அவள் சேர்ந்தபோது இருந்தவர்களில் ஒருவர்கூட இப்போது இல்லை. பிறகு வந்து பிறகு போனவர்களை எண்ணுவதை அவளே விட்டுவிட்டாள். அப்பா எங்களோடு இல்லை. அந்த வேலையில்தான் வீடு ஓடுகிறது.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும், ரிசல்ட் வருகிற வரைக்கும் பார்சல் கட்ட என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வாசலில் வைக்கிற கரும்பலகையில் அன்றன்றைக்கு என்ன இருக்கிறது என்று எழுதுவதும் என் வேலையானது.

நான் போன ஒரே மாதத்தில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. தோசை மாஸ்டர் ரெத்தினம் அண்ணன் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாசலில் மூன்று வேன் நிற்கிறது. கல்லில் நான்கு தோசையை ஊற்றிவிட்டு, "திருப்பிப் போடு, தோ வர்றேன்" என்று பக்கத்திலிருந்த ஹம்தான் அண்ணன் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். ஹம்தான் அண்ணன் டீ மாஸ்டர். நான்கு தோசையும் கருகிப்போயின. ரெத்தினம் அண்ணன் வரவே இல்லை.

அவர் ஏன் போனார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். செந்நெல்லில் எட்டு கேமரா இருக்கிறது. பார்க்கிற கேமரா மட்டுமில்லை, பேசுகிற கேமரா. முதலாளி தியாகராசன் ஐயா தஞ்சாவூரில் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்ப்பார். திடீரென்று தலைக்கு மேலிருந்து குரல் வரும். "பச்சச் சட்ட, தூண்ல சாயாத." "தோசக் கல்லு, என்ன சிரிப்பு அங்க?" சாப்பிடுகிறவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரெத்தினம் அண்ணனுக்கு அங்கே தோசக் கல்லு என்றுதான் பெயர்.

ஏழாவது ஆளும் போன பிறகு முதலாளியின் மகன் சேரன் வந்தார். சென்னையில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர். மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மேலே 'பணியாளர் மனநிறைவுப் படிவம்' என்று இருந்தது. இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட வேண்டும். கடைசியில் 'உங்கள் கருத்து' என்று நான்கு கோடு.

"பேரு எழுத வேணாம். மனசுல உள்ளத அப்படியே எழுதுங்க. ஏன் இத்தன பேரு போறாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மொத்தம் பதினான்கு பேர். நான் தற்காலிகம் என்பதால் எனக்குத் தாள் இல்லை. அவர் போனதும் பதினான்கு பேரும் என்னிடம் வந்துவிட்டார்கள். மூன்று பேர் ஒடிசாக்காரர்கள், தமிழ் எழுதத் தெரியாது. மற்றவர்களில் சிலருக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சிலருக்குக் கூச்சம். "நீ எழுது பாப்பா, உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சமையல்கட்டுக்குப் பின்னால் காலி எண்ணெய் டின்கள் மேல் உட்கார்ந்து ஆளாளுக்குச் சொன்னார்கள். அங்கே கேமரா கிடையாது.

துப்புரவு பார்க்கிற எல்லையம்மாள் பெரியம்மாதான் முதலில்.

"மனநிறைவுன்னா என்னாடி?"

"இந்த வேல புடிச்சிருக்கான்னு கேக்கறாங்க பெரியம்மா."

"கேக்கற நாயத்தப் பாரு. எழுது. அந்தக் கக்கூஸ நாளைக்கு ஆறு தரம் கழுவறேன். ஆத்திரம் அவசரத்துக்கு நான் உள்ள போவக்கூடாது. நல்லாப் பெருசா எழுது."

அடுத்து சாப்பாட்டு மாஸ்டர் சபரிநாதன்.

"எஞ்சாம்பார மொதலாளியம்மா வீட்லேர்ந்தே வீடியோ கால்ல ருசி பாக்கறாங்க, அத எழுது."

"வீடியோ கால்ல எப்படி மாஸ்டர் ருசி பாப்பாங்க?"

"கலரப் பாத்துத்தான்! கெட்டியாத் தெரியுது, தண்ணி ஊத்துங்கறாங்க. ஊத்தறேன். எலையில உக்காந்தவன் என்னத் திட்டறான். பதினெட்டு வருசமா எத்தனையோ ஓட்டல்ல கரண்டி புடிச்சிட்டேன் பாப்பா. நான் வச்ச சாம்பார நானே ஊத்திக்கறதில்ல."

ஹம்தான் அண்ணனுக்கு நாகூர். அடுத்து அவர்.

"மூணு வருசமா தர்கா கந்தூரிக்கு ரெண்டு நாள் லீவு கேக்கறேன். கெடைக்கல. ஊரு சனமெல்லாம் எங்கூருக்குப் போவுது. போற அத்தன பேருக்கும் நான் இங்க நின்னு டீ ஆத்தறேன். கொடியேத்தறத போன்ல பாத்தேன். அதுக்கும் மேலேர்ந்து சத்தம், டீக்கட, போன உள்ள வையின்னு."

ஒடிசாக்காரர்களில் ஒருவர் மேலே கையைக் காட்டி, பிறகு கழுத்தைத் துடைத்துக் காட்டினார். அவர்கள் படுக்கிற அறை அடுப்புப் புகைக்குழாயை ஒட்டி இருக்கிறது. மின்விசிறி ஓடுவதில்லை. அதையும் எழுதினேன். பேனா நீலம் கறுப்பு என்று மாற்றிக்கொண்டேன். முதல் மூன்று படிவத்தில் எழுத்தைக் கொஞ்சம் சாய்த்தும் பார்த்தேன். அதற்குப் பிறகு கை வலித்தது, என் எழுத்திலேயே எழுதிவிட்டேன்.

அம்மா கடைசியாக வந்தாள்.

"அஞ்சு போடு."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்குந்தான். வேற ஒண்ணும் எழுதாத."

அவள் படிவத்தை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்து எழுதினேன். பதினாறு கேள்விக்கும் ஐந்து போட்டேன். பதினேழாவது, 'பணியிடத்தில் கழிப்பறை வசதி'. அங்கே என் கை நின்றுவிட்டது.

செந்நெல்லில் கழிப்பறை உண்டு. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, கை கழுவ வாசனைச் சோப்பு. வாசலில் 'வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்ற பலகை. எதிரே எட்டாவது கேமரா. அங்கே வேலை செய்கிற நான்கு பெண்களும் சாலையைத் தாண்டி பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும், பங்கில் பூட்டிவிட்டால் வாய்க்கால் பக்கம். அம்மா எங்கேயும் போக மாட்டாள். முன்பு ஒரு நாள், எனக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும், அவசரத்துக்கு அந்தக் கதவைத் தொட்டிருக்கிறாள். "அம்சம், அங்க என்ன வேல ஒனக்கு?" என்று மேலிருந்து குரல். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு வேன் ஜனமும் திரும்பிப் பார்த்ததாம். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனால் வீடு திரும்புகிறவரை அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு. இரண்டு தடவை நீர்க்கடுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாவது தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார். அம்மாவிடம் சொன்னேன். "சரி சரி" என்றாள்.

நான் ஒன்று போட்டேன். போட்டதோடு விட்டிருக்கலாம். கீழே இருந்த நான்கு கோட்டிலும் எழுதினேன். 'ஒன்பது வருடமாக இங்கே வேலை செய்கிறேன். மூத்திரத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறேன். இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். என் மானத்தைக் கேமராவில் ஏலம் போட்டீர்கள்.'

எழுதி முடித்தபோது அழுகையாக வந்தது. சரியான காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அங்கே ஒன்பது வருடமாக இருப்பது ஒரே ஓர் ஆள்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. நிஜமாகவே தோன்றவில்லை.

இன்றைக்கு நான்கு மணிக்கு முதலாளியே நேரில் வந்தார். ஹாலில் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்தார். மேஜையில் படிவங்கள். சேரன் வெளியே போய் வாசலில் இருந்த கரும்பலகையைத் தூக்கி வந்து படிவங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். 'எலுமிச்சை சாதம், வாழைக்காய் வறுவல், வத்தக்குழம்பு.' காலையில் நான் எழுதியது. யாரும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"பதினாலு பேருக்கும் ஒரே கையா?" என்றார் முதலாளி. "ஏம்மா, நீ என்ன வக்கீலா?"

"அவங்க சொன்னதத்தான் ஐயா எழுதினேன்."

"யாரு சொன்னா? சொன்னவங்க கையத் தூக்குங்க பாப்போம்."

சபரிநாதன் மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். ஹம்தான் அண்ணன் தரையைப் பார்த்தார். எல்லையம்மாள் பெரியம்மாவின் கை மேலே வந்தது. எனக்கு உயிர் வந்தது. பெரியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு கையை இறக்கிவிட்டாள்.

முதலாளி ஒரு படிவத்தை எடுத்து உரக்கப் படித்தார். ஒன்பது வருடமாக என்று ஆரம்பித்ததுமே எல்லாரும் அம்மாவைப் பார்த்துவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. அந்த வார்த்தைகளை, பத்து ஆண்கள் நிற்கிற இடத்தில், கடைசிவரை படித்தார்.

"அம்சம், இத நீ சொன்னியா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க. எல்லாத்துக்கும் அஞ்சுதான் போடச் சொன்னேன். அவளா எழுதிட்டா. சின்னப் புள்ளைங்க, புத்தி பத்தல."

"பாத்தியாடா சேரா? பெத்தவளுக்கே தெரியாம இட்டுக்கட்டியிருக்கு. மத்ததும் இதே லச்சணந்தான். எங்கிட்ட வேல பாக்கறவங்க யாருக்கும் ஒரு கொறையும் கெடையாது."

அம்மா பொய் சொல்லவில்லை. ஐந்து போடச் சொன்னாள், நானாகத்தான் எழுதினேன். ஆனால் அவள் சொன்ன அந்த ஒரு நிஜத்தில் மற்ற பதின்மூன்று பேர் சொன்ன நிஜமும் பொய்யாகிவிட்டது. ஒருவர், ஒரே ஒருவர்கூட, 'அத நான்தான் சொன்னேன்' என்று சொல்லவில்லை.

பிறகுதான் சேரன் விஷயத்தைச் சொன்னார். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி தங்கள் பெயரைச் செந்நெல்லுக்குக் கொடுக்கப் போகிறதாம். அதற்கு இங்கே வேலை செய்கிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று அவர்கள் காகிதம் கேட்கிறார்களாம். நாளைக் காலை அந்தக் காகிதம் போக வேண்டுமாம். ஏன் எல்லாரும் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றாரே, அதெல்லாம் சும்மா.

புதுசாகப் பதினான்கு படிவத்தை என் கையில் கொடுத்தார்.

"நீதானே கெடுத்த, நீயே சரி பண்ணு. வேற வேற கையெழுத்தா இருக்கணும். எல்லாத்துலயும் அஞ்சே போட்டுடாத, நடுவுல ஒரு நாலு வரட்டும். நம்பணும்ல."

முதலாளி எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "ஆறு மணிக்குப் பதினாலும் இங்க இருக்கணும். இல்லன்னா ஆத்தாளும் மவளும் வீட்டோட இருந்துக்குங்க."

இரவு டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லையம்மாள் பெரியம்மா என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள்.

"கோவிச்சுக்காதடி. எனக்கு வேற போக்கெடம் இல்ல."

"நீங்க ஒருத்தராவது கையத் தூக்கியிருக்கலாம்ல பெரியம்மா?"

"ஒங்கம்மாளே தூக்கலியேடி."

அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், எனக்கு மட்டும். பிறகு பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. நாலு அடி அடித்திருந்தாலும் பரவாயில்லை.

ஒன்பதரைக்கு எழுத ஆரம்பித்தேன். சபரிநாதன் மாஸ்டருக்காகக் கட்டை எழுத்தில் 'எனக்கு முழுச் சுதந்திரம் உள்ளது' என்று எழுதினேன். ஹம்தான் அண்ணனுக்காக இடது கையால் 'விடுமுறை தாராளமாகத் தருகிறார்கள்' என்று எழுதினேன். இடது கை எழுத்து அசலாக வேறு ஆள் எழுதியது மாதிரியே வந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது. ஒடிசாக்காரர்கள் மூவருக்கும் தமிழ் கற்றுக்கொள்கிறவர்கள் எழுதுவதுபோல் பெரிது பெரிதாக 'நல்ல காற்று' என்று எழுதினேன். எல்லையம்மாள் பெரியம்மாவுக்கு நடுங்குகிற எழுத்து.

ஆத்திரம் யார் மேல் என்றே புரியவில்லை. முதலாளி மேலா, கையைக் கட்டிக்கொண்டு நின்ற அவர்கள் மேலா, அம்மா மேலா. இதில் பாதிப் பேர் அடுத்த மாதம் இருக்க மாட்டார்கள். யாரிடமோ கரண்டியைக் கொடுத்துவிட்டு 'தோ வர்றேன்' என்று போய்விடுவார்கள். போகத் தெரிகிறது, சொல்லத்தான் யாருக்கும் முடியவில்லை. நான் சொன்னேன். என்ன ஆனது?

பதின்மூன்று முடிந்தது. அம்மாவுடையது மட்டும் மிச்சம். பேனாவை எடுத்து, 'வேலை நேரம்' என்ற முதல் கேள்விக்கு நேரே வைத்தேன்.

"எத்தன முடிச்ச?"

தூக்கிவாரிப் போட்டது. அம்மா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே கேட்டாள்.

"பதிமூணும்மா. ஒன்னுதுதான் பாக்கி. எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுடறேன். சத்தியமா வேற எதுவும் எழுத மாட்டேன்."

"எனக்கு வேணாம்."

"பதினாலு கேட்டாங்களேம்மா."

"பதிமூணு பேருதான் இருப்பாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அம்மா, தப்பு என்னுதும்மா. நானே போயி மன்னிப்பு கேக்கறேன். கால்ல விழுவச் சொன்னாலும் விழுவறேன். நீ வேலய விட்டுடாதம்மா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முடியை அள்ளி முடிந்தாள். விளக்கு வெளிச்சத்தில் கண் வீங்கியிருந்தது தெரிந்தது.

"அத்தன பேரு முன்னாடி எம்புள்ளைக்குப் புத்தி இல்லன்னு சொன்னேன்."

"அதனால என்னம்மா? வேலைக்காகத்தானே சொன்ன?"

"ஆமா, வேலைக்காகத்தான் சொன்னேன்" என்றாள். தன் கையைப் பார்த்தாள். காய் நறுக்கிக் கறுத்துப்போன விரல்கள். "கேமராவுல என் பேரச் சொல்லிக் கூப்புட்டப்பகூட நான் போவல. இன்னைக்கி எம்புள்ளைய நானே என் வாயால அசிங்கப்படுத்திப்புட்டேன். இதுக்கு மேல அங்க நின்னு என்னத்த வடிக்கப் போறேன்?"

"எங்க போவேம்மா? ஒன்பது வருசம் கழிச்சு யாரு சேப்பா?"

"தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டச் சுத்தி இல்லாத ஓட்டலா? ஆளு கெடைக்காம தவிக்கறானுங்க. போயி கேக்கறேன்."

"என்னான்னு கேப்பே?"

"மொதல்ல கக்கூஸ் எங்க இருக்குன்னு கேப்பேன். வேல என்னன்னு அப்பறம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

"அங்கயும் இல்லன்னா?"

"அடுத்த கட."

"யாருமே சேக்கலன்னா?"

"வெளக்க அணைச்சிட்டுப் படு. காலையில இந்தப் பதிமூணையும் கொண்டுபோயி குடுத்துட்டு வா. இது போவலன்னா மொதலாளி அவங்க மேலதான் பாய்வாரு. அவங்க பொழப்பு, நம்மளால கெட வேணாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள். இந்தத் தடவை என் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஐந்து நிமிடத்தில் குறட்டை வந்துவிட்டது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வாடகை நினைவுக்கு வருகிறது, ரிசல்ட் நினைவுக்கு வருகிறது, பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குகிற அம்மா நினைவுக்கு வருகிறாள். அவளைக் காப்பாற்றத்தான் பதின்மூன்று பொய் எழுதினேன். பதின்மூன்றும் இப்போது முதலாளிக்குத்தான் பயன்படப் போகிறது. கிழித்துவிடலாம் என்று ஒரு தடவை கையில் எடுத்தேன். முந்தானையைச் சரிசெய்த பெரியம்மாவின் கை நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டேன்.

ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சேரன் எண்ணிப் பார்ப்பார். பதின்மூன்றுதானே இருக்கிறது, பதினான்காவது எங்கே என்று கேட்பார். அங்கே நின்று, தலைக்கு மேல் கேமராவை வைத்துக்கொண்டு, 'பதிமூணு பேருதான் இருப்பாங்க' என்று அம்மா சொன்னதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. அடுப்படியில் நின்று மெதுவாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் குரல் பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது தடவை சொல்லிப் பார்க்கிறேன்.